நாற்பது மடங்கு விலை: சீக்கோ எஸ்கேஎக்ஸ்007, ரோலெக்ஸ் சப்மரைனர்

நீரில் மூழ்குவோர் அணியும் கைக்கடிகாரத்தின் முதல் கடமை, உள்ளே இறங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதைத் தவறாமல் காட்டுவது. பேட்டரி இல்லாமல் ஸ்பிரிங்கின் விசையில் ஓடி இக்கடமையைச் செய்பவற்றுள் இரண்டை இங்கே எடைபோடலாம். ஒன்று, ஜப்பானின் சீக்கோ 1996இல் வெளியிட்டு 2019 வாக்கில் நிறுத்திய எஸ்கேஎக்ஸ்007. மற்றது, 1953இல் அறிமுகமாகி இன்றும் தொடரும் சுவிட்சர்லாந்தின் ரோலெக்ஸ் சப்மரைனர். சீக்கோ தன் கடைசி ஆண்டுகளில் ஏறத்தாழ 200 டாலருக்குக் கிடைத்தது. தேதி காட்டாத சப்மரைனரின் 2020ஆம் ஆண்டு மாடல் 8,000 டாலரையொட்டிய விலையில் வந்தது. இந்த நாற்பது மடங்கு எதற்காக?

முதலில் பாதுகாப்பு. மூழ்குவோர் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 தரவிதி, குறைந்தது 100 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கவும், 25 செ.மீ. தொலைவிலிருந்து இருட்டில் படிக்க முடியவும், அதிர்ச்சிக்கும் காந்தத்துக்கும் ஈடுகொடுக்கவும் கோருகிறது. சீக்கோ இத்தரத்தைப் பெற்று 200 மீட்டருக்கு உறுதி தருகிறது. ரோலெக்ஸ் 300 மீட்டருக்கு. பொழுதுபோக்காக மூழ்குவோரின் எல்லையே 40 மீட்டர்தான். இரண்டின் வெளிவளையமும் ஒரே திசையில்தான் சுழலும். தவறுதலாக இடித்துத் திரும்பினாலும் கழிந்த நேரம் கூடுதலாகத் தெரியுமே தவிரக் குறையாது. மூழ்கியவர் முன்னதாகவே மேலே வந்துவிடுவார். இந்த அளவுகோலில் விலைக்கேற்ற வேறுபாடு இல்லை.

அடுத்தது துல்லியம். இங்கே ரோலெக்ஸ் வெகுதூரம் முந்துகிறது. அதன் இயந்திரம் நொடிக்கு 8 முறை துடிக்கிறது. சீக்கோவின் 7எஸ்26 இயந்திரம் நொடிக்கு 6 முறை. துடிப்பு கூடினால் கை அசைவின் குலுக்கல் ஓட்டத்தைக் குலைப்பது குறையும். ரோலெக்ஸில் இத்துடிப்பை ஆளும் மெல்லிய ஸ்பிரிங்கான ஹேர்ஸ்பிரிங், காந்தம் தீண்டாத நியோபியம், சிர்கோனியம் கலவையால் ஆனது. நாளொன்றுக்கு 2 நொடிக்கு மேல் முந்தாது, பிந்தாது என்கிறது நிறுவனம். சீக்கோ நாளொன்றுக்குச் சுமார் 20 நொடி பிந்தலாம், 40 நொடி முந்தலாம். ஆனால் நாளுக்கு 40 நொடி என்பது ஒரு மணி நேர மூழ்கலில் 2 நொடிகூட ஆகாது. கடலுக்குள் இப்பிழை யாரையும் பாதிக்காது. வாரக்கணக்கில் திருத்தாமல் அணிபவருக்கு மட்டுமே தெரியும்.

சீக்கோவின் உண்மையான குறைகள் வேறு. பக்கவாட்டுக் குமிழான கிரவுனைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது. குலுக்கித்தான் ஓடவைக்க வேண்டும். நேரம் திருத்தும்போது நொடி முள் நிற்காது. கழற்றி வைத்தால் 40 மணி நேரம்போல ஓடும்; ரோலெக்ஸ் 70 மணி நேரம். சீக்கோவின் கண்ணாடி கீறல் வாங்கும். ரோலெக்ஸின் சஃபயர் எளிதில் வாங்காது. சீக்கோவின் வெளிவளையக் குறிகள் டயலோடு நேராக அமைவதில்லை என்பது சேகரிப்பாளர்களின் பழைய முறையீடு. அதன் உலோகச் சங்கிலியும் மெலிந்தது. ரோலெக்ஸின் கொக்கியையோ கருவி எதுவும் இல்லாமல் 2 மில்லிமீட்டர் படிகளில் 20 மில்லிமீட்டர்வரை நீட்டி, மூழ்கும் உடைக்கு மேல் அணியலாம். கூடுதல் விலையில் கைக்கு நேரடியாகப் பயன்படும் பகுதி இதுவே என்பேன்.

பராமரிப்பில் தராசு மறுபக்கம் சாய்கிறது. சீக்கோ 1959இல் கொண்டுவந்த 'மேஜிக் லீவர்', இரு கரங்கள் கொண்ட ஒரே நெம்புகோலால் கையின் இரு திசை அசைவையும் ஸ்பிரிங்குக்கு ஏற்றிவிடுகிறது. குறைந்த பாகங்களில் இவ்வளவு வேலை வாங்குவது உயர்ந்த பொறியியல். மலிவு அதன் மதிப்பைக் குறைப்பதில்லை. பழுதானால் இயந்திரத்தையே முழுதாக மாற்றிவிடலாம், செலவு சொற்பம். சப்மரைனரை ஒருமுறை சர்வீஸ் செய்யும் தொகையில் சில எஸ்கேஎக்ஸ்களை வாங்கியிருக்கலாம்.

என் முடிவு இது. செய்நேர்த்தியில் சப்மரைனர் ஐயமின்றி மேல். ஆனால் நாற்பது மடங்கு மேலன்று. அதன் விலையில் பெரும்பங்கு கடைசிச் சில நொடித் துல்லியத்துக்கும் மெருகுக்கும் பெயருக்கும் போகிறது. கருவி என்ற அளவுகோலில் எஸ்கேஎக்ஸ்007தான் வெல்கிறது. சம்பளத்தில் மிச்சம்பிடித்து முதல் இயந்திரக் கடிகாரம் வாங்குபவர் அதையே தேடட்டும். இனிப் பழையதாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும் என்பதால், நீரில் இறங்குமுன் ரப்பர் வளையங்களை மாற்றி அழுத்தச் சோதனை செய்துகொள்வது கட்டாயம்.