ரத்தம் வந்தால் நிறுத்தவும்

'விப்லாஷ்' (2014) பார்த்திருப்பீர்கள். டேமியன் ஷசெல் இயக்கியது. மூன்று ஆஸ்கர். அதில் ஒன்று, கெட்ட வார்த்தையிலேயே ஜாஸ் சொல்லித்தரும் வாத்தியாராக வந்த ஜே.கே.சிம்மன்ஸுக்கு. கொடுத்தது நியாயம். ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து டிரம்ஸ் பழகுகிற பையனோ பெண்ணோ இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

படத்தில் ஆண்ட்ரூ ராத்திரியெல்லாம் தனியாக அடிக்கிறான். கை கிழிகிறது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மறுபடி அடிக்கிறான். ரத்தக் கையை ஐஸ் தண்ணீரில் முக்குகிறான். நமக்குச் சிலிர்க்கிறது. 'என்ன உழைப்பு!' என்கிறோம். விஷயம் தெரிந்தவரைக் கேளுங்கள், 'குச்சியை ஏன்டா இப்படி இறுக்குறே?' என்பார்.

குச்சி, டிரம்மின் தோலில் பட்டதும் தானாகவே எழும், தரையில் தட்டிய பந்து மாதிரி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடி; மற்ற மூன்று விரல்கள் சும்மா தழுவிக்கொண்டிருக்கும். எழுந்து வருவதைத் தடுக்காமல் இருப்பதுதான் பாதி வித்தை. வேகம் வேண்டுமென்று இறுக்கினால் துள்ளல் செத்துப்போகும். ஒவ்வொரு அடிக்கும் நாமே குச்சியைத் தூக்க வேண்டும். முன்கை கல்லாகும், தோல் உரியும். அதாவது, படம் தியாகம் என்று குளோசப்பில் காட்டுவது பெரும்பாலும் பிடிக் கோளாறு.

இதற்கு மாற்று மருந்து 1935-ல் வந்த ஒரு புத்தகம். ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் எழுதிய 'ஸ்டிக் கன்ட்ரோல்'. கதை கிடையாது. வலது இடது வலது இடது. அடுத்து, இடது வலது இடது வலது. அடுத்து வலது வலது, இடது இடது. ஒவ்வொன்றையும் நிறுத்தாமல் இருபது தடவை. உலகின் மிக போரான புத்தகங்களில் ஒன்று. இன்றும் டிரம்மர்கள் விடுவதாயில்லை. முன்னுரையில் ஸ்டோன் சொல்வது: தசையில் லேசாக இறுக்கம் தெரிந்தாலே நிறுத்து. ஆண்ட்ரூவின் வாத்தியார் இதைப் படித்ததாகத் தெரியவில்லை.

புத்தகத்திலும் குறை உண்டு. எந்தக் கை எப்போது என்று சொல்கிறது. அந்தக் கை எப்படி இருக்க வேண்டும் என்பதை வாத்தியார் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறது. தானே கற்பவருக்கு அந்த வாத்தியார்தான் இல்லையே! அந்தக் காலி நாற்காலியில்தான் சினிமா வந்து உட்கார்ந்துகொள்கிறது. தப்பான பாடம் எடுக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஆண்ட்ரூவின் தெய்வமான பட்டி ரிச், யாரிடமும் முறையாகப் பாடம் கேட்காதவர். அவர் வாசிக்கும் பழைய படங்களைப் பாருங்கள். புயல் வேகத்திலும் குச்சிகள் பூப்போலத் துள்ளும்.

எனவே, தனியாகக் கற்பவர்களே, வாத்தியார் இல்லாவிட்டால் பரவாயில்லை. எதிரே ஒரு கண்ணாடி, பக்கத்தில் மெட்ரோனோம். இரண்டு குச்சியும் ஒரே உயரம் எழுகிறதா என்று கண் பார்க்கட்டும், இரண்டு அடியும் ஒரே மாதிரி கேட்கிறதா என்று காது பார்க்கட்டும். தடுமாறுவது பெரும்பாலும் இடது கைதான். அது சொல்கிற வேகம்தான் உங்கள் வேகம். வலித்தால் எழுந்து போய்க் காப்பி சாப்பிடுங்கள்.

விப்லாஷை நல்ல த்ரில்லராகப் பாருங்கள். டியூஷனாக வேண்டாம்.