வீடு திருத்தும் காட்சியும் லயத்துக் கூரையும்

தொலைக்காட்சி பற்றிய நமது விமர்சனம் பெரும்பாலும் தொடர்நாடகத்தோடும் பாட்டுப் போட்டியோடும் நின்றுவிடுகிறது. கதை இருந்தாலன்றி அங்கே கருத்தியல் இல்லை என்று கொண்டுவிட்ட மனோபாவமே இதற்குக் காரணம் எனலாம். ஆயின், பழைய வீடொன்றைக் காட்டி, அதனை இடித்துத் திருத்தி, இறுதியில் புதுக்கோலத்தில் திறந்துகாட்டும் நிகழ்ச்சிகள் கதையில்லாதவை போல் தோன்றினும் மிக இறுக்கமான கதையமைப்பு உடையவை. அவ்வடிவத்தை நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களின் லயத்திலிருந்து நோக்கினால் அதன் அடிப்படை எத்தகையது என்பது புலனாகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இவ்வடிவம் தோன்றியபோது அது தொழில் கற்பிக்கும் வடிவமாகவே இருந்தது. 1979 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலிருந்து ஒளிபரப்பாகத் தொடங்கிய 'திஸ் ஓல்ட் ஹவுஸ்', தச்சன் எவ்வாறு மரத்தை இழைக்கிறான், குழாய் எவ்வாறு பொருத்தப்படுகிறது என்பவற்றைப் பொறுமையோடு காட்டியது. 1996 இல் பி.பி.சி. தொடங்கிய 'சேஞ்சிங் ரூம்ஸ்' இதனைப் போட்டியாக மாற்றியது. அயலவர் இருவர் வீட்டுச் சாவிகளை மாற்றிக்கொண்டு, இரண்டு நாட்களில், ஐந்நூறு பவுணுக்குள் ஒருவர் அறையை மற்றவர் திருத்த வேண்டும். (அந்நிகழ்ச்சியில் தொங்கவிடப்பட்ட தட்டு சரிந்து, ஒரு வீட்டுக்காரர் சேர்த்து வைத்திருந்த பழைமையான தேநீர்க் கெண்டிகள் நொறுங்கிய சம்பவம் இன்றும் நகைப்போடு பேசப்படுகிறது. தேயிலை விளையும் இடத்தில் சரிந்தவற்றைப் பற்றி அத்தகைய நகைப்பு இயலாது.) 2003 முதல் 2012 வரை ஏ.பி.சி. ஒளிபரப்பிய 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்' நோயாலோ இழப்பாலோ துன்புற்ற குடும்பமொன்றைத் தெரிந்து, ஏழு நாட்களில் அதற்கு மாளிகை கட்டிக் கொடுத்தது. வீட்டை மறைத்து நின்ற பேருந்து விலக, குடும்பத்தினர் அழுவர். தொழில் கற்பித்தல் மறைந்து கண்ணீர் அவ்விடத்தைப் பெற்ற வரலாறு இது.

இத்தகைய நிகழ்ச்சிகளின் குறைகளை மேனாட்டு விமர்சகர் சுட்டாமலில்லை. உழைப்பின் கால அளவு மறைக்கப்படுகிறது. செலவு குறைத்துக் காட்டப்படுகிறது. அவசரத்தில் கட்டியவை விரைவில் பழுதடைகின்றன. பெரிய வீட்டைப் பரிசாகப் பெற்ற சில குடும்பங்கள் அதன் வரியையும் மின்கட்டணத்தையும் தாங்கமாட்டாது அதனை விற்றன, அல்லது கடனுக்கு இழந்தன. இவை உண்மையே. ஆயினும் இவ்விமர்சனம் அனைத்தும் ஓர் எடுகோளைத் தொடாது விடுகிறது. திருத்தப்படும் வீட்டில் வாழ்பவரே அதன் உடைமையாளர் என்பதே அவ்வெடுகோள்.

அந்த எடுகோள் தோட்டத்து லயத்தின் வாசலில் செயலற்றுப் போகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவான காம்பிராக்களை ஒரே வரிசையாகவோ, முதுகோடு முதுகாக இரட்டை வரிசையாகவோ அடுக்கிய லயம், குடியிருப்பதற்கென்று மட்டும் எழுந்ததன்று. உழைப்பை நிலத்தோடு பிணைத்து வைப்பதற்கென்றே எழுந்தது. வேலைக்குப் பெயர் பதிந்தவனுக்குக் காம்பிரா. பெயர் வெட்டப்பட்டவனுக்கு அதுவும் இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) தமது நாவலுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டமை தற்செயலன்று. 1946 இல் கேகாலை மாவட்டத்து உருளவள்ளித் தோட்டத்தில் எழுந்த போராட்டமும், உழைத்த மண்ணிலிருந்தும் இருந்த இடத்திலிருந்தும் வெளியேற மறுத்தோரின் போராட்டமே. 1972, 1975 ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிருவாகம் மாறியதேயன்றிக் காம்பிராவின் சட்டநிலை மாறவில்லை. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை பணம் செலவிடுவதற்கே தடையாக நின்று, 2018 இல்தான் திருத்தப்பட்டது. சுவரொன்றை உடைப்பதற்கும் தோட்ட நிருவாகத்தின் சம்மதம் வேண்டிய ஒருவருக்கு, 'உங்கள் கனவு இல்லம் எது?' என்ற கேள்வி எப்பொருளைத் தரும்?

எனினும் இவ்வடிவம் நம்மிடத்து வராமலில்லை. வேறு வேடத்தில் வந்துள்ளது. சிரச, சக்தி அலைவரிசைகளின் 'கம்மெத்த – மக்கள் சக்தி' போன்ற முயற்சிகள் கிராமங்களின் குறைகளைக் கமராவின் முன் நிறுத்தி, கொடையாளரைக் கொண்டு தீர்ப்பவை. அவற்றைவிடப் பரவலாக இன்று காணப்படுவது யூரியூபில் வெளியாகும் உதவிக் காணொளி. ஒழுகும் கூரை, அடுப்படிப் புகை, கேள்வி கேட்கும் இளைஞன், தலைகுனிந்து விடை சொல்லும் தாய், வெளிநாட்டில் வாழும் அன்பர் ஒருவரின் பெயர், சில வாரங்களின் பின் புதிய தகரமும் வர்ணம் பூசிய சுவரும் என இக்காணொளிகள் ஒரே ஒழுங்கில் அமைகின்றன. உதவி பெறுபவர் தமது வறுமையை நடித்துக் காட்டுவதே அதற்கு ஈடாகச் செலுத்தும் விலையாகிறது. 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில், உதவி பெற வேண்டிய குடும்பத்தை இழிவுபடுத்தும் வகையில் காணொளி வெளியிட்டதாக எழுந்த எதிர்ப்பினையடுத்து ஒருவர் கைதானார். பொதுமக்களின் சினம் அவரின் நாவடக்கமின்மை மீதே திரும்பிற்று. மரியாதையாகப் பேசியிருப்பின் அவ்வடிவம் குற்றமற்றது எனப் பலர் கருதினர் போலும். வாழ்பவரின் உரிமையைக் கொடுப்பவரின் இரக்கமாக மாற்றும் இயல்பு இனிய சொல்லால் நீங்குவதன்று.

லயத்தைப் பொறுத்தவரை இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. காட்சிக்கு ஒரு குடும்பம் வேண்டும். பன்னிரண்டு குடும்பங்களின் கதையை அரைமணி நேரத்தில் சொல்ல இயலாது. ஆனால் லயத்தின் கூரை ஒன்று. நான்காம் காம்பிராவில் ஒழுகும் நீர் மூன்றாம் காம்பிராவின் மேல் துருப்பிடித்த தகரத்தில் நுழைந்ததாக இருக்கலாம். தொங்கல் வீட்டின் சுவர் இறங்கினால் வளை முழுவதும் இழுபடும். பீலி ஒன்று, கான் ஒன்று, பல இடங்களில் தண்ணீர்க் குழாயும் ஒன்று. நடுவிலுள்ள ஒரு காம்பிராவுக்கு மட்டும் புதுத் தகரம் போட்டால், பழைய தகரத்தோடு அது சேரும் இடத்தில் அடுத்த மழைக்கு நீர் இறங்கும். இது கைத்தொழில் அறிந்த எவருக்கும் தெரிந்த செய்தி. காணொளி இதனைக் காட்டாது. தகுதியுடைய குடும்பமொன்றைத் தெரிந்தெடுக்கும்போதே தகுதியற்ற பதினொன்றையும் அது படைத்துவிடுகிறது. ஒரே கூரையின் கீழ், ஒரே பிரட்டுக்குச் சென்று, ஒரே மலையில் கொழுந்தெடுப்போரிடையே இப்பிரிவு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தொழிற்சங்கம் கூட்டாகக் கேட்கவேண்டியதைத் தனித்தனியே கெஞ்சிப் பெறும் பழக்கத்திற்கு இது பயிற்சியளிக்கிறது.

இக்காட்சிகள் மறைப்பனவற்றுள் மிகப் பெரியது தோட்ட மக்களே செய்துவந்த வீடு திருத்தம் ஆகும். காம்பிராவின் முன்னுள்ள இஸ்தோப்பு திறந்த திண்ணையாகவே கட்டப்பட்டது. அதற்குப் பலகையோ, தகரமோ, பின்னர் கல்லோ வைத்து அடைத்து, பெண்பிள்ளை வயதுக்கு வந்தபோது ஓர் அறையாக்கியவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள். கோடிப்புறத்தில் குசினியை இறக்கி, புகையை உள்வீட்டிலிருந்து வெளியேற்றியவர்களும் அவர்களே. கொழும்புக் கடையில் நின்ற மகனின் சம்பளம், மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்த மகளின் பணம், சீட்டுப் பிடித்த காசு ஆகியவை சிமெந்தாகவும் யன்னலாகவும் மாறின. அனுமதி கேட்டுச் செய்ததும் உண்டு. கேளாது செய்து, பின்னர் துரையோடு வாதாடியதும் உண்டு. ஒரு லயத்தின் முகப்பை இன்று நோக்கினால் ஒவ்வொரு காம்பிராவும் வேறு வர்ணம், வேறு கதவு, வேறு படி கொண்டிருப்பதைக் காணலாம். படைமுகாம் போல் ஒரே அச்சில் வார்த்த கட்டடத்தை இம்மக்கள் தலைமுறை தலைமுறையாக வீடுகளாக்கிய முயற்சி அது. எமது வாய்மொழி இலக்கியத்திற்கு ஈடான ஒரு மக்கட் கலையாக அதனைக் கொள்ளலாம் என்பது எனது கருத்து. திருத்தக் காட்சிக்கோ 'முன்' என்ற ஒரு படிமம் தேவை. அப்படிமம் அவலமாகவே இருத்தல் வேண்டும். ஆதலின் கமரா ஒழுகும் மூலையைத் தேடிச் செல்லும்; மகளின் பணத்தில் வைத்த யன்னலைத் தவிர்த்துவிடும்.

அரசும் இவ்வடிவத்திலிருந்து விலகி நிற்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 இல் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபின், தனிவீடும் ஏழு பேர்ச் நிலமும் அரசியற் கோரிக்கையாக வலுப்பெற்றன. இந்திய உதவியில் மலையகத்துக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 550 சதுர அடி கொண்ட தனிவீடுகள் அவை. 2017 மே 12 இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018 ஓகஸ்டில் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகள் கையளிக்கப்பட்டபோது அவர் காணொளித் திரையில் தோன்றினார். திரையொன்றைப் படம்பிடித்து மற்றொரு திரையில் மக்கள் கண்டனர். மேலதிகப் பத்தாயிரத்தின் முதற்கட்டமான 1,300 வீடுகளுக்குத் தொடக்கவிழா நடந்தது 2024 பெப்ரவரியில். அறிவிப்பும் காட்சியானது, அடிக்கல்லும் காட்சியானது. இடையிற் சென்ற ஏறத்தாழ ஏழாண்டுகள் எந்தக் காட்சியிலும் இல்லை. அவ்வாண்டுகளில் பிறந்த குழந்தைகள் காம்பிராவிலேயே பாடசாலைப் பருவத்தை எட்டினர்.

காட்சியாலேனும் சிலருக்கு வீடு கிடைக்கிறதே, அதனைக் குறைகூறுதல் தகுமோ என்று ஒரு சாரார் வினவலாம். வினா நேர்மையானது. மழைக்காலத்தில் கூரை பெற்ற குடும்பத்தினிடம் சென்று வடிவ விமர்சனம் பேசுதல் அறமாகாது. டன்சினன் வீடுகள் லயத்தினும் சிறந்தவை என்பதிலும் ஐயமில்லை. ஆயின் நாம் மதிப்பிடுவது பெற்றவரையன்று, காட்டும் முறையையே. நிலத்தின் உறுதிப்பத்திரம் யார் பெயரில், மகன் தோட்டவேலைக்குச் செல்லாவிடின் வீடு நிலைக்குமா, சரிவு ஆய்வு எப்போது செய்யப்பட்டது, குழாயில் நீர் வருகிறதா என்ற வினாக்கள் சாவி கைமாறிய மறுநாளே எழுபவை. கமரா முதல்நாள் மாலையிலேயே மலையிறங்கிவிடுகிறது.

உண்மையான பெருந்திருத்தம் மலையகத்தில் நிகழாமல் இல்லை. கந்தப்பளையில் கைவிடப்பட்டிருந்த ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை 1996 இல் உல்லாச விடுதியாயிற்று. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த துரைமார் பங்களாக்கள் 2005 முதல் 'சிலோன் ரீ ட்ரெயில்ஸ்' என்ற பெயரில் விருந்தினரை ஏற்கின்றன. அவற்றுள் தியன்சின் பங்களா 1888 இல் கட்டப்பட்டது என்பது விருந்தினருக்குப் பெருமையோடு கூறப்படும் செய்தி. மரத்தளம், கணப்படுப்பு, குளியற்றொட்டி யாவும் பழைமை கெடாது பேணப்பட்டுள்ளன. இங்கே அவசரம் இல்லை, கண்ணீரும் இல்லை. கட்டடத்தின் வயது குறையாக அன்றிச் செல்வமாகக் கொள்ளப்படுகிறது. ஒரே மலையில், ஒரே காலத்தில் எழுந்த கட்டடங்களுள் ஒன்று மரபுரிமையாகவும் மற்றது இரக்கத்திற்குரிய பொருளாகவும் ஆனமை கல்லின் தரத்தாலோ மரத்தின் தரத்தாலோ மட்டும் விளைந்ததன்று. பங்களாவின் யன்னலில் நின்று காணும் பசுமையை விருந்தினர் படமெடுப்பர். தேயிலைச் சரிவின் நடுவே நீளமாகத் தெரியும் அத்தகரக் கூரையும் அப்படத்தில் விழும். அதன் கீழ் ஏறத்தாழப் பன்னிரண்டு குடும்பங்கள் உள்ளன.