…அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்: 2018 மறுபதிப்பு

அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிக்காவின் நான்காவது இசைத்தொகுப்பு '…அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. 1988இல் வெளியானது. ஒன்பது பாடல்கள், ஏறத்தாழ 65 நிமிடங்கள். 1986இல் சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்த பிறகு, அவரிடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்த முதல் முழுநீளத் தொகுப்பும் இதுவே. ஆனால் அவர் வாசித்தது இதில் ஏறக்குறைய கேட்பதே இல்லை. முதல் பாடலான 'பிளாக்கண்ட்' உருவாக்கத்தில் அவருக்கும் பங்குண்டு. அதிலும் இதே நிலைதான்!

நியூஸ்டெட் பல இடங்களில் ரிதம் கிட்டாரின் அதே சுரங்களையே வாசித்தார் என்பது ஒரு காரணம். டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக் பேஸின் அளவைக் குறைக்கச் சொன்னதாக, ஒலிக்கலவை செய்தவர்களுள் ஒருவரான ஸ்டீவ் தாம்சன் பின்னாளில் பேட்டியளித்தார்.

2018 நவம்பரில் ரீமாஸ்டர் செய்யப்பட்ட மறுபதிப்பு வந்தது. இழப்பற்ற ஃபிளாக் கோப்பாகவும் கிடைக்கிறது. 'இழப்பற்ற' என்ற சொல் இங்கே பலரை ஏமாற்றுகிறது. எம்பி3 கோப்பு அளவைக் குறைக்க ஒலித் தகவலின் ஒரு பகுதியைக் கழித்துவிடும். ஃபிளாக் எதையும் கழிக்காமல் சுருக்கும். மாஸ்டரில் உள்ளதை அது அப்படியே தரும், இல்லாததைத் தராது. ரீமாஸ்டர் செய்பவர் கையில் இருப்பதும் கலந்து முடிந்த இரு தட ஒலிதான். அதில் தாழ்ந்த அலைவரிசைகளை உயர்த்தினால் கிட்டாரும் பாஸ் டிரம்மும் சேர்ந்தே உயரும். பேஸை மட்டும் மேலே கொண்டுவரப் பல தட மூலப்பதிவுக்குத் திரும்பி, புதிதாக ரீமிக்ஸ் செய்ய வேண்டும். அதைக் குழு செய்யவில்லை.

பழைய பதிப்பை மாற்றக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. வறண்டு, இறுகி, எலும்புபோல் ஒலிக்கும் இந்தக் கிட்டார் ஒலிதான் 'ஒன்' பாடலின் இறுதிப் பகுதிக்கு அந்த இரக்கமற்ற தன்மையைத் தருகிறது. பேஸ் ஏறினால் அது மென்மையாகிவிடலாம். எனினும் மாதிரிப் பதிவுகள், கச்சா ஒலிக்கலவைகள், நேரலைப் பதிவுகள் என்று 11 குறுந்தட்டுகளை அடுக்கிய பெரும்பெட்டிப் பதிப்பில், பழையதன் பக்கத்தில் புதிய ஒலிக்கலவை ஒன்றுக்கு ஒரு தட்டை ஒதுக்கியிருந்தால் வரலாறு எதுவும் அழிந்திருக்காது. ரசிகர்கள் தாங்களே பேஸைச் சேர்த்து இணையத்தில் வெளியிட்ட பதிப்புகள் அந்தத் தட்டின் வேலையைத்தான் அரைகுறையாகச் செய்கின்றன.