கூண்டில் ஏறும் கணக்கர்

பொழிச்சலூரில் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் இரவு கல்லாவை எண்ணி முடித்ததும் பேரேட்டை எடுப்பார். நாள்தோறும் எழுதுவதால் மையும் கையெழுத்தும் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் மாறும். ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதிய போலிக் கணக்கில் அந்த மாற்றம் இருக்காது. இதைப் பிடிக்கிற கண்தான் தடயவியல் கணக்காளரின் கண். எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பு.

நீதிமன்றத்திலோ, கணக்குப் புத்தகத்தின் பதிவு மட்டுமே ஒருவரைப் பொறுப்பாளியாக்கப் போதாது என்றது 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. அரசியல்வாதிகளுக்குப் பணம் கொடுத்ததாகக் குறிப்புகள் இருந்த ஜெயின் டைரி வழக்கில், 1998-இல் உதிரித் தாள்களைக் கணக்குப் புத்தகமாகவே ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் ரசீதையும் வங்கிப் பதிவையும் தேடிப்பிடித்துக் கோக்க வேண்டும். அப்புறம் சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணை. ‘இதற்குமேல் ஆவணம் சொல்லவில்லை’ என்று அங்கே நிறுத்திக்கொள்ளும் நேர்மை இருக்கிறதே, இந்தத் தொழிலின் அழகு அதுதான்.

கூட்டல்கூட எவ்வளவு கனமானது என்பதைத் தமிழ்நாடே பார்த்தது. 2015 மே மாதம் ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் எல்லோரையும் விடுவித்த கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பில், வருமானமாகக் கணக்கில் எடுத்த கடன்களின் மொத்தம் சுமார் 24.17 கோடி ரூபாய் என்றிருந்தது. அட்டவணையைக் கூட்டினால் வருவது 10.67 கோடிதான். வருமானத்தை மிஞ்சிய சொத்து 8.12 சதவீதமே என்ற முடிவுக்கு அந்தத் தவறான மொத்தமும் ஓர் அடிப்படை. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது.