3,600 வெண்ணெய் உருண்டைகள்

மின்னூட்டத்தைப் பள்ளியில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக்கி முடித்துவிடுகிறார்களே, அதைவிட அநியாயம் வேறு இல்லை. மின்னூட்டங்களுக்கு இடையேயான விசையின் பலம் தெரிய வேண்டுமானால் மாமல்லபுரத்துக்கு வாருங்கள். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைக்கு முன்னால் நின்று கணக்குப் போடுங்கள்.

அந்தப் பாறையின் எடை சுமார் 250 டன் என்கிறார்கள். 1908-ல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளை விட்டு இழுக்கவைத்தும் அசையவில்லை என்பது ஊர் அறிந்த கதை. இனி கூலூமிடம் வருவோம். 1785-ல் அந்தப் பிரெஞ்சுக்காரர் மெல்லிய கம்பியின் முறுக்கத்தைக் கொண்டே அளந்து சொன்னது இது: விசை இரு மின்னூட்டங்களின் பெருக்கலைப் பொறுத்தது, தூரம் இரட்டித்தால் விசை கால்வாசி. மின்னூட்டத்தின் அலகுக்கும் அவர் பெயர்தான்; ஒரு கூலூம் இங்கே, ஒரு கூலூம் ஒரு மீட்டர் தள்ளி அங்கே என்று வைத்தால் 900 கோடி நியூட்டன்! ஏறத்தாழ ஒன்பது லட்சம் டன் எடைக்குச் சமம். அதாவது 3,600 வெண்ணெய் உருண்டைகள். எனக்கு அங்கேயே புல்லரித்துவிட்டது.

இவ்வளவு பலம் நம் கண்ணில் படாததற்குக் காரணம், எந்தப் பொருளிலும் நேர்மின்னும் எதிர்மின்னும் சரிக்குச் சரியாக இருப்பதுதான். இத்தனைக்கும் அந்த உருண்டையைச் சரிவில் பிடித்து நிறுத்தும் உராய்வும், அடிப்படையில், அணுக்களுக்கு இடையேயான மின்விசையே.

அந்தச் சமநிலையைக் கொஞ்சம் கலைக்க ஒரு பலூன் போதும். எண்ணெய் வைக்காத தலையில் தேய்த்தால் முடியிலிருந்து எலக்ட்ரான்கள் பலூனுக்குத் தாவும். பலூன் எதிர்மின், முடி நேர்மின். முடி எழுந்து பலூனை நாடும். அப்படித் தேய்த்த இரண்டு பலூன்களை நூலில் தொங்கவிட்டால், ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும். பலூனில் சேர்ந்திருப்பது அதிகம் போனால் ஒரு கூலூமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! (கடற்கரையில் முயலாதீர்கள். ஈரமும் உப்பும் மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடும். ஏசி அறை உத்தமம்.)

இந்த விசையின் உச்சம் எதுவென்றால் மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் கல்பாக்கம்தான். 1984-ல் வணிக உற்பத்தியைத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையம் அங்கே இருக்கிறது. யுரேனியக் கருவுக்குள் 92 புரோட்டான்கள், எல்லாமே நேர்மின், ஒன்றையொன்று விரட்டத் துடிப்பவை. கிட்டத்தில் மட்டும் வேலை செய்யும் அணுக்கரு விசை அவற்றைக் கட்டிவைத்திருக்கிறது. நியூட்ரான் மோதி கரு நீண்டு பிளந்ததும் அந்தப் பிடி விடுகிறது. இரண்டு நேர்மின் துண்டுகளும் கூலூம் சொன்ன விலக்கு விசையில் சீறிப் பறக்கின்றன. வெளிவரும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்த ஓட்டம்தான். அதுவே வெப்பமாகி, நீராவியாகி, டர்பைனைச் சுழற்றுகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், பக்கத்து சீட்டுக்காரரிடம் இதைச் சொல்லத் தொடங்கிவிடுவேன். பெரும்பாலானவர்கள் தூங்குவதுபோல் நடிக்கிறார்கள்.