போர்க்காலச் சீருடைத் தொப்பிகளின் மூலத்தன்மையும் பழுதுநீக்கமும்: ஜெர்மானிய ஷிர்ம்மூட்சேயை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானியத் தரைப்படையின் சீருடைத் தொப்பிகள் இன்று அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளரிடத்தும் வரலாற்றுச் சான்றுகளாகப் பேணப்படுகின்றன. அவற்றை மதிப்பிடுவோர் பலர் 'கைபடாத நிலை'யையே மூலத்தன்மையின் தலையாய அளவுகோலாகக் கொள்கின்றனர். அவ்வளவுகோல் பயன்பாட்டுக் காலப் பழுதுநீக்கத்தையும் பிற்காலப் புனைவையும் ஒன்றாகக் குழப்புகின்றது, மறைப்பையும் தூண்டுகின்றது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச் சொற்கள்: சீருடைத் தொப்பி, மூலத்தன்மை, பழுதுநீக்கம், போலி, பொருள்சார் பண்பாடு.

முன்னுரை

பழம்பொருளின் மூலத்தன்மை குறித்த விவாதம் கட்டடக்கலைத் துறையில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. 1903-இல் அலோய்ஸ் ரீகல் நினைவுச் சின்னங்களின் வரலாற்று மதிப்பையும் முதுமை மதிப்பையும் வேறுபடுத்திக் காட்டினார். இழந்த பகுதிக்கு மாற்றாக அமைவது முழுமையோடு இசைய வேண்டும் என்றும், மூலப் பகுதியிலிருந்து பிரித்தறியத் தக்கதாகவும் இருக்க வேண்டும் என்றும் 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் வகுத்தது. படைத்துறைப் பொருள்களின் சந்தையில் இச்சிந்தனைக்கு இடம் குறைவு. அங்கு மாற்றம் எதுவாயினும் குறையாகவே எண்ணப்படுகின்றது.

தொப்பியின் அமைப்பு

ஷிர்ம்மூட்சே எனப்படும் இத்தொப்பி, நெற்றியின்மேல் நீண்டு கண்களுக்கு நிழல்தரும் முன்மறைப்பை உடையது. தரைப்படைத் தொப்பியின் மேற்பகுதி சாம்பல் கலந்த பச்சைத் துணியாலும் சுற்றுப்பட்டை கரும்பச்சைத் துணியாலும் ஆனவை. மேற்பகுதியின் ஓரத்திலும் பட்டையின் இரு விளிம்புகளிலும், தையற்காரர் 'பைப்பிங்' என்று வழங்கும் வண்ண விளிம்பு ஓடும். காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப் படைக்குச் சிவப்பு, கவசவண்டிப் படைக்கு இளஞ்சிவப்பு என அவ்வண்ணம் படைப்பிரிவைச் சுட்டும். அதிகாரிகளின் தொப்பியில் வெள்ளிநிறக் கயிறும் ஏனையோர் தொப்பியில் கருந்தோல் வாரும் முன்மறைப்பின்மேல் அமைந்தன. முன்மறைப்பு பெரும்பாலும் பருத்தித் தாளைத் துத்தநாகக் குளோரைடில் பதப்படுத்தி அழுத்திய வல்கன் ஃபைபரால் ஆனது. உள்ளே வியர்வைத்தோலும், உள்துணியைக் காக்கும் சாய்சதுரச் செல்லுலாய்டுத் தகடும் இருந்தன.

அதிகாரிகள் தம் சீருடையைத் தாமே விலைக்கு வாங்கினர். ஆதலின் துணி, தையல், தயாரிப்பாளர் முத்திரை ஆகியவற்றில் வேறுபாடுகள் மிகுதி. விதிமுறை ஏட்டோடு ஒப்பிட்டு மட்டும் ஒரு தொப்பியை மறுத்தல் இதனால் பொருந்தாது.

பழுதுநீக்கத்தின் மூன்று நிலைகள்

தொப்பியில் காணும் மாற்றங்களை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, அணிந்தவர் காலத்தில் நிகழ்ந்தது. பிரிந்த வியர்வைத்தோலைத் தைத்தல், பதவி உயர்வு பெற்றபின் தோல்வாரை நீக்கி வெள்ளிக்கயிறு பூட்டுதல், மேற்பகுதியை விறைப்பாக்கும் கம்பி வளையத்தை உருவி எடுத்தல் ஆகியன இவ்வகையின. கம்பியை உருவுதல் ஜெர்மானியர்க்கு மட்டும் உரிய வழக்கன்று. அமெரிக்க வான்படையினரும் தலைமேல் காதொலிப்பான் அணிய ஏதுவாக இவ்வாறு செய்தனர். இரண்டாவது, போருக்குப்பின் பேணுநர் செய்த பழுதுநீக்கம். உதிர்ந்த தகட்டை மாற்றுதலும் பூச்சியரித்த இடத்தை இழையால் நிரப்புதலும் இதில் அடங்கும். மூன்றாவது, விலையை உயர்த்தும் நோக்கில் செய்யப்படும் புனைவு. காலாட்படையின் வெள்ளை விளிம்பைப் பிரித்துக் கவசவண்டிப் படையின் இளஞ்சிவப்பு விளிம்பை வைத்துத் தைத்தல் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

வண்ண விளிம்பு துணிப்பகுதிகளின் இணைப்பினுள் வைத்துத் தைக்கப்படுவது. தையலைப் பிரிக்காமல் அதனை மாற்ற இயலாது. மாற்றினால் பழைய ஊசித்துளைகளின் அருகே புதிய துளைகள் தோன்றும். எனவே இப்புனைவு தடயம் விட்டுச்செல்கின்றது. கயிறும் வாரும் அவ்வாறானவை அல்ல. இரண்டும் பக்கத்திற்கு ஒன்றாக அமைந்த இரு பொத்தான்களில் பூட்டப்படுவதால், அவற்றை மாற்றுவது சில நிமிட வேலை. 1941-இல் பதவி உயர்வு பெற்ற வீரர் செய்ததையும் அண்மைக்கால வணிகர் செய்ததையும் பொருளின் கட்டமைப்பு மட்டும் பிரித்துக் காட்டாது. ஒரே செயல் ஒருவர் கையில் வரலாறாகவும் மற்றொருவர் கையில் மோசடியாகவும் அமையும் இவ்விடத்தில்தான் 'கைபடாத நிலை' என்னும் அளவுகோல் பயனற்றுப் போகின்றது.

கருவிச் சோதனைகளின் எல்லை

புற ஊதா ஒளிச் சோதனை பரவலாகக் கையாளப்படுகின்றது. சலவைத்தூளிலும் நூலிலும் வெண்மையூட்டும் வேதிப்பொருள்கள் பரவலானது போருக்குப் பின்னரே. அவை புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். ஆயினும் பழைய தொப்பியைப் பிற்காலச் சலவைத்தூளால் துடைத்திருப்பின் மூல நூலும் ஒளிரும். வெண்மையூட்டி கலவாத புதிய நூல் ஒளிராது. ஆகவே ஒளிர்தல் ஓர் ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்ப்பாகாது.

இழைச் சோதனை இதனினும் உறுதியானது. பாலியெஸ்டர் 1941-இல் கண்டுபிடிக்கப்பட்டுப் போருக்குப்பின் வணிக உற்பத்திக்கு வந்தமையால், அவ்விழை காணப்படும் தையல் பிற்காலத்ததே. எனினும் அது அத்தையலின் காலத்தை மட்டுமே உரைக்கும். தொப்பி முழுவதையும் போலியாக்காது. செல்லுலாய்டோ காலப்போக்கில் மஞ்சளித்துச் சுருங்கி நொறுங்கும் இயல்பினது. நெகிழ்வும் தெளிவும் குன்றாத தகடு வினவுதற்குரியது. வெடித்த தகடு குறையாகாது.

இயைபு நோக்கிய மதிப்பீடு

தனித்தனி உறுப்புகளின் உண்மையைக் காட்டிலும் அவற்றிடையே உள்ள இயைபே வலுவான சான்று. வியர்வைத்தோல் கருத்துத் தேய்ந்திருக்க, உள்துணி கறையின்றி இருத்தல் இயல்பன்று. சின்னத்தின் வளைகால்கள் துளைத்த இடத்தில் துணி அழுந்தியிருத்தலும், சின்னம் மறைத்த பகுதி நிறம் மங்காதிருத்தலும் நெடுங்கால இணைவைக் காட்டும். கயிற்றின்கீழ் அதனினும் அகன்ற மங்காத தடம் தெரியின், முன்பு அங்கே தோல்வார் இருந்தது எனக் கொள்ளலாம். கயிறும் தனக்குரிய தடத்தைப் பதித்திருப்பின் மாற்றம் பயன்பாட்டுக் காலத்தது என்னும் கருத்து வலுப்பெறும். இரண்டாம் தடம் இல்லாவிடின் ஐயம் நீடிக்கும்; அவ்வையத்தை அவ்வாறே பதிவு செய்வதே முறை.

மறுப்பும் விடையும்

பழுதுநீக்கத்தை ஏற்றுக்கொண்டால் போலிகளுக்கு வாயில் திறந்துவிடும் என்று மறுப்போர் உளர். இம்மறுப்பு புறந்தள்ளத் தக்கதன்று. நாஜி ஆட்சியின் பொருள்களைச் சூழ்ந்த சந்தையில் போலிகள் மலிந்துள்ளன. பொய்யாக மாற்றப்பட்ட தொப்பி, எப்படையினர் எதை அணிந்தனர் என்னும் அறிவையே திரிக்கும். ஆயின் கைபடாதவற்றுக்கே உயர்விலை என்னும் நடைமுறைதான் நேர்மையான பேணுநரையும் தாம் செய்த பழுதுநீக்கத்தைச் சொல்லாது விடத் தூண்டுகின்றது. சொல்லப்படாத பழுதுநீக்கம் அடுத்த கைக்கு மாறும்போது மூலமாகவே எண்ணப்படும். சுவடிப் பதிப்பாசிரியர் தாம் திருத்திய இடத்தை அடிக்குறிப்பில் காட்டாது விட்டால் அவரது திருத்தமே மூலபாடமாக நிலைபெற்றுவிடுவதை இதனோடு ஒப்பிடலாம்.

முடிவுரை

ஷிர்ம்மூட்சேயின் மூலத்தன்மையை ஆம், இல்லை என்னும் ஒற்றை விடையால் உரைக்க இயலாது. உறுப்புகள் எக்காலத்தவை, அவை எப்போது இணைந்தன, மாற்றம் யார் கையால் எதன்பொருட்டு நிகழ்ந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் தனித்தனியே விடை காண வேண்டும். அருங்காட்சியகப் பதிவேடுகளும் விற்பனைக் குறிப்புகளும் இவ்விடைகளைப் பிரித்துப் பதியுமாயின், பழுதுநீக்கம் மறைக்கப்பட வேண்டிய களங்கமாகாது. பொருளின் வாழ்வை உரைக்கும் சான்றாகும். கம்பி உருவப்பட்டு மேற்பகுதி சரிந்த தொப்பி, பெட்டியிலேயே கிடந்த தொப்பியைவிட அதனை அணிந்தவரைப் பற்றி மிகுதியாகக் கூறவல்லது.