கோபுரமும் தெருவும்

பழம்பதிகளைக் கண்டுவருதல் இந்நாளில் அரைநாட் செயலாகிவிட்டது. மதுரையினின்று குற்றாலம் நோக்கிச் செல்லும் குடும்பத்தார் இடைவழியில் திருவில்லிபுத்தூரில் இறங்குகின்றனர்; கோபுரத்தை அண்ணாந்து நோக்குகின்றனர்; ஆண்டாளைச் சேவிக்கின்றனர்; பால்கோவா வாங்கிக்கொண்டு வண்டியேறுகின்றனர். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அடுத்து வரும் இராஜபாளையத்தை வண்டியின் பலகணி வழியே கண்டு கடந்துவிடுகின்றனர். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பதே அவ்வூரைப் பற்றிய பொதுவான தீர்ப்பு. பயணம் குறுகியது என்பதை நாம் குற்றமாகக் கூற வரவில்லை. உழைக்கும் மக்களுக்கு ஒருநாள் ஓய்வே அரிது; அதில் ஒரு பழம்பதியைக் காண விழைவது நன்றே. ஈண்டு நாம் ஆராயப் புகுவது, இத்தகைய சுற்றுலாவும் அதற்கு வழிகாட்டும் எழுத்தும் ஓர் ஊரை எவ்வாறு வாசிக்கின்றன, எதனைப் பழமை என்று மதிக்கின்றன, எதனை வாசியாமலே விட்டுவிடுகின்றன என்பதையே.

வழிகாட்டி ஏடுகளைப் புரட்டினால் திருவில்லிபுத்தூரைப் பற்றி மூன்று செய்திகள் தவறாமல் வரும். கோபுரம் 11 நிலைகளும் 192 அடி உயரமும் உடையது. அது தமிழ்நாட்டரசின் முத்திரையில் இடம்பெற்றுள்ளது. ஊரின் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மூன்றும் மெய்யானவை என்றே கொள்வோம். ஆயினும் இவை ஊரை அறிமுகப்படுத்தவில்லை. ஊருக்குக் கிடைத்த நற்சான்றிதழ்களை அடுக்கிக் காட்டுகின்றன. தமிழில் இத்துறை எழுத்து இவ்வளவு வறியதன்று. தொ. மு. பாஸ்கரத் தொண்டைமானின் ‘வேங்கடம் முதல் குமரி வரை’ கதை சொல்லும் இனிமையும் சிற்பத்தை நின்று நோக்கும் கண்ணும் வாய்ந்தது. அதனைப் படித்தபின் கோயிலுக்குச் செல்பவர் ஒரு தூணையும் வெறுமனே கடந்துபோகமாட்டார். எனினும் அந்நூலின் வழி கோயிலிலிருந்து கோயிலுக்குச் செல்லும் வழியே. தெருவில் அது நெடிது நிற்பதில்லை. ஏ. கே. செட்டியார் தேடித் தொகுத்தளித்த பழைய பயணக் கட்டுரைகள் வேறு வகையின. அவற்றில் நடை சில இடங்களில் கரடுமுரடானது. ஆனால் சென்றவர் எவ்வாறு சென்றார், எங்கே தங்கினார், யாரோடு பேசினார் என்பது தெரிகிறது. இன்றைய வழிகாட்டி ஏட்டிற்குத் தொண்டைமானின் கண்ணும் இல்லை, பழைய வழிநடையாளரின் காலும் இல்லை.

முத்திரைச் செய்தியையே சற்று விரித்து நோக்குவோம். 1949இல் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் வரைந்த அம்முத்திரையில் உள்ளது தம் ஊர்க் கோபுரமே என்பது திருவில்லிபுத்தூராரின் உறுதியான நம்பிக்கை, பொதுவழக்கும் அதுவே. ஓவியர் மாதிரியாகக் கொண்டது மதுரைக் கோயிலின் மேலைக் கோபுரத்தையே என்ற மறுப்பும் உண்டு. இவ்வழக்கில் தீர்ப்புரைப்பது நமது வேலையன்று. எந்தக் கோபுரம் என்று வாதிடுவோர் எந்த ஆண்டு என்று கேளாமல் விடுகின்றனரே, அதுவே நமது வருத்தம். 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்கள் சிலரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். சென்னை மாகாணக் கோயில்கள் அனைத்தும் அவர்களுக்குச் சட்டப்படி திறந்தது 1947இல். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்துத்தான் அம்மாகாணம் கோபுரத்தைத் தன் முத்திரையாகக் கொண்டது. வாயில் சிலருக்கு அடைபட்டிருந்த நாளில், கோபுரம் மக்கள் அனைவர்க்கும் பொதுவான அடையாளம் என்று ஓர் அரசு கூறியிருக்குமாயின் அது வெறும் ஏளனமாகவே முடிந்திருக்கும். 1947ஆம் ஆண்டினை நீக்கிவிட்டு 1949ஆம் ஆண்டினைப் போற்றுவது, சொற்றொடரின் எழுவாயை நீக்கிவிட்டுப் பயனிலையைப் படிப்பது போன்றதாம்.

192 அடி என்பது நெடுந்தொலைவினின்றும் காணத்தக்க உயரம். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று நம் மக்கள் வழங்குவர். உள்ளே செல்ல உரிமை பெற்றவர்க்கு அது பக்தியின் பெருக்கம். உரிமையற்றவர்க்கோ பன்னெடுங்காலம் அது ஒன்றே வழிபாடாக இருந்தது. சொல் ஒன்றே, அதற்குள் இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. உயரத்தைக் கூறும் ஏடு, அவ்வுயரம் யாருக்கு எத்தொலைவினின்று தெரிந்தது என்பதையும் கூறியிருக்கவேண்டும் அன்றோ?

இக்குறை நமது நாட்டு ஏடுகளுக்கு மட்டும் உரியதன்று. பழைய நகரங்களைக் காணும் குறும்பயணத்திற்கு ஐரோப்பாவில் எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது, ஜெர்மனியின் தென்பகுதியில் டவுபர் ஆற்றங்கரை மேட்டில் அமைந்த ரோதன்புர்க் என்னும் சிறு நகர். மக்கள் தொகை 11,000 அளவே. மதிலும் வாயிற்கோபுரங்களும் மரச்சட்ட வீடுகளும் காண வருவோர் கூட்டமோ ஆண்டு முழுவதும் ஓய்வதில்லை. 1945 மார்ச் 31ஆம் நாள் குண்டுவீச்சில் பழைய நகரின் ஏறத்தாழ 40 விழுக்காடு அழிந்தது. அடுத்த மாதம் அமெரிக்கப் படை நெருங்கியபோது, அதனைப் பீரங்கிகளால் தகர்க்கவேண்டாமென்று தடுத்தவர் அமெரிக்கப் போர்த்துறைத் துணைச் செயலராயிருந்த ஜான் மெக்கிளாய். அவருடைய தாயார் அந்நகரை முன்னரே கண்டவர். அதன் படம் ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது என்பர். ஒரு நகர் எஞ்சியதற்கு ஒரு படமும் காரணமாயிற்று! பின்னர் இடிந்த மதிலை எழுப்ப உலகின் பல பகுதிகளிலிருந்தும் நன்கொடை வந்தது. கொடுத்தோர் பெயர்களை இன்றும் மதிற்கற்களில் படிக்கலாம். காட்சிக்கு இத்துணை வலிமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அதே நகரில் யூதர் தெரு என்றொரு தெருவும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் மெயிர் என்னும் பேரறிஞரான ரபி வாழ்ந்து கற்பித்த நகர் அது. 1520இல் யூதர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். நகர ஆலயத்துப் பிரசங்கபீடத்திலிருந்து எழுந்த தூண்டுதலும் அதற்கு ஒரு காரணம் என்பதை இறையியல் ஏடு ஒன்று குறியாமல் செல்லலாகாது. 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் குடியேறிய யூதர்களில் எஞ்சியோரும் 1938 அக்டோபரில் துரத்தப்பட்டனர். தெரு இருக்கிறது, வீடுகளும் அழகாக இருக்கின்றன, தெருவுக்குப் பெயர் தந்தவர்கள் இல்லை. படம் காத்தது கல்லையும் மரத்தையுமே. எனவே கோயில் நகரங்களை மட்டும் நிறுத்தி வைத்து நாம் கணக்குக் கேட்பதாக எவரும் எண்ணவேண்டா. நமது பழைய ஆலயங்களிலும் சாதி வாரியாக இடம் பிரித்து அமர்ந்த நாட்கள் உண்டு. அவற்றின் நூற்றாண்டு மலர்களில் அச்செய்தியை எத்தனை மலர்கள் அச்சிட்டன?

திருவில்லிபுத்தூருக்கு மீள்வோம். ரோதன்புர்க்கில் நகரைக் காத்த தலைவன் ஒருவன் பெருங்கிண்ணத்து மதுவை ஒரே மூச்சில் குடித்த கதையை 1881 முதல் நாடகமாக நடித்து வருகின்றனர். பெரிதும் காண வருவோர்க்காகவே. திருவில்லிபுத்தூரில் நடைபெறுவன காண்போர் வந்தாலும் வாராவிடினும் நடைபெறுவன. வேற்றுமை இங்கேதான் உள்ளது. ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளி நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. மரவள்ளி இலை உடலும் சிறகுமாகும், மாதுளம்பூ அலகாகும். நேற்றைய கிளி இன்று இல்லை. ஆகவே எந்த அருங்காட்சியகத்திலும் அதனை வைத்தல் இயலாது. ஊரின் மிகப் பழைய வழக்கங்களில் ஒன்று, ஒருநாள் வயது மட்டுமே உடைய பொருளாக நம் கண்முன் நிற்கிறது! பழமை என்றால் சிதையாத கல் என்று கருதும் சுற்றுலாக் கண்ணுக்கு இது புலப்படுவதில்லை. கட்டுகின்ற கைகளும், அவை தம் மக்களுக்குக் கற்பித்த பழக்கமும் இங்கே பழமையாகும். ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசித் திருவிழாவில் திருமலைக்கும், சித்திரையில் வைகையில் இறங்கும் அழகருக்கும் செல்வதும் இத்தன்மையதே. மாலை வாடிவிடும், வழி வாடுவதில்லை.

வழியைப் பற்றிக் கூறுங்கால் நகரா மண்டபங்களையும் குறிப்பிடவேண்டும். திருமலை நாயக்கர் இங்கே பூசை முடிந்ததை அறிந்த பின்னரே மதுரையில் உண்பார் என்றும், அதற்காகச் சாலையோரம் மண்டபங்கள் கட்டி, ஒன்றின் முரசொலி கேட்டு மற்றொன்றில் முரசறையச் செய்தார் என்றும் செவிவழிச் செய்தி உண்டு. மண்டபங்கள் சில நெடுஞ்சாலை அருகில் இன்றும் நிற்கின்றன. விரைந்து செல்லும் வண்டியிலிருந்து நோக்குவோர்க்கு அவை பொருளற்ற கற்கூடுகள். ஆடிப்பூரத் தேரும் அவ்வாறே. மரச்சக்கரங்களோடு ஓடிய நாளில் அது நிலைக்குத் திரும்ப நாட்கள் பல ஆயின என்று ஊரார் கூறுவர். இரும்புச் சக்கரங்கள் பொருத்தியபின் சில மணி நேரத்தில் திரும்புகிறது. விரைவு தேரையும் விட்டுவைக்கவில்லை.

இந்துக்கள் அல்லாத நம்மனோர் கோயிலில் எதுவரை செல்லலாம் என்ற கேள்வி எழக்கூடும். 2024 ஜனவரியில் பழநிக் கோயில் வழக்கில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துக்கள் அல்லாதார் கொடிமரத்திற்கு அப்பால் செல்லலாகாது என்னும் பலகைகளை வைக்கப் பணித்தது. இதன் நீதி அநீதி பற்றி வாதங்கள் இருக்கலாம். நமது நோக்கிலோ, வழிபடும் இடத்தைக் கலைக்கூடமாக மட்டும் பார்த்து உள்ளே நுழைய விழைவது மரியாதையன்று. நம் திருவிருந்து ஆராதனையை ஒருவர் நிழற்படக் கருவியுடன் ‘நல்ல கட்டடக்கலை’ என்று சுற்றிவந்தால் நாம் மகிழ்வோமோ? கொடிமரத்திற்கு இப்பால் கோபுரம் இருக்கிறது, மாடவீதிகள் இருக்கின்றன, திருமுக்குளம் இருக்கிறது, நெடுங்காலம் நீதிமன்றமாகப் பயன்பட்ட நாயக்கர் அரண்மனை இருக்கிறது. ஒரு நாளைக்கு இவையே மிகுதி.

இனி, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை எனப்பட்ட இராஜபாளையம். 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி திருவில்லிபுத்தூரின் மக்கள் 75,000 அளவினர். இராஜபாளையத்தாரோ 1,30,000க்கும் மேற்பட்டோர். விசயநகர, நாயக்கர் காலங்களில் ஆந்திர நாட்டினின்று தெற்கே வந்து நிலைத்த ராஜுக்கள் இவ்வூருக்குப் பெயர் தந்தனர். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழுமாக அவர்கள் இன்றும் வாழ்கின்றனர். பழையபாளையம், சிங்கராஜா கோட்டை என்னும் பெயர்களில் பாளையமும் கோட்டையும் எஞ்சியிருக்கின்றன. மதில்களைத் தேடுவோர் ஏமாறுவர். ஊர்ப்பொதுவில் கூடும் சாவடிகளே அங்கு அரண். சாவடித் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரிடம் கால்மணி நேரம் பேசினால், எந்தக் கல்வெட்டும் கூறாத குடிப்பெயர்வு வரலாறு வெளிவரும். சுற்றுலா நிரலில் அதற்கு நேரம் ஒதுக்குவாரில்லை.

1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நிறுவிய இராஜபாளையம் மில் ஊரின் போக்கையே மாற்றியது. திருமலை நாயக்கரின் முரசு ஒரு காலத்தில் பொழுதறிவித்ததென்றால், பின்னாளில் இவ்வட்டாரத்திற்குப் பொழுதறிவித்தது ஆலைச் சங்கு. 1949 ஏப்ரலில், அதாவது கோபுர முத்திரை பிறந்த அவ்வாண்டிலேயே, இவ்வூரைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா சென்னை மாகாணப் பிரதமரானார். 1952 வரை ஆட்சியில் இருந்தார். தாம் வாழ்ந்த வீட்டையே அவர் பொதுமக்களுக்குக் கொடுத்துவிட்டார். காந்தி கலை மன்றம் என்னும் அவ்வீடு 192 அடி உயரமுடையதன்று. ஆட்சிக்கட்டிலில் இருந்த ஒருவர் தம் சொத்தில் எதை மிச்சம் வைத்தார் என்று காணவிரும்புவோர் அங்கே செல்லலாம். இவை எவையும் அன்றி, இவ்வூரின் பெயரை வடநாடு வரை கொண்டுசென்ற புகழ் ஒரு வெண்ணிற வேட்டை நாய்க்கு உரியது. 2005இல் அதற்கு அஞ்சல்தலையும் கிடைத்தது.

இவ்விரண்டு ஊர்களுக்கும் மேற்கே ஒரே மலைத்தொடர் நிற்கிறது. 1988இல் சாம்பல்நிற அணிலுக்குச் சரணாலயமாக்கப்பட்ட அக்காடு 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. மலையினின்று இறங்கும் நீரைக் கொண்டே அடிவாரத்து மாந்தோப்புகளும் வயல்களும் வாழ்கின்றன. கிழக்கே சத்திரப்பட்டியில் தறிகள் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்கின்றன. புண்ணைக் கட்டும் அத்துணி கடல் கடந்தும் செல்கிறது. நெய்தவர் ஊரின் பெயரை அதனைச் சுற்றிக்கொள்ளும் நோயாளி அறியார்.

ஒரே நாளை உடையவர்க்கு நாம் கூறுவது பயணத்தைத் தலைகீழாக்குக என்பதே. காலையில் இராஜபாளையத்தில் இறங்கி, சாவடியிலும் காந்தி கலை மன்றத்திலும் தங்கி, இயலுமாயின் சத்திரப்பட்டித் தறியோசையைக் கேட்டபின், வெயில் தாழ்ந்து திருவில்லிபுத்தூர் வருக. தேர் ஓடும் வீதிகளை முதலில் நடந்து சுற்றி, திருமுக்குளத்தின் கரையில் இருந்துவிட்டு, கடைசியாகக் கோபுர வாயிலுக்கு வரலாம். பால்கோவாக் கடைகள் அப்போதும் திறந்தே இருக்கும்.